காலம் மாறுகிறது, வேதத்தின்படி எப்படி வாழ்வது: எதை விடலாம், எதை விடக் கூடாது?

3 மார்ச் 2024, இரவு 10.15 (ஒரு வாசகர் கேட்டது)

காலம் மாறிவிட்டது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி முடித்த வேதாகமத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு வேலை, பணம், கைபேசி, குடும்பம் எல்லாவற்றையும் நடத்த முடியாது. முடியும் என்று சொல்கிறவர்களும் தங்களுக்குச் சௌகரியமான வசனங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, முழுவதையும் அப்படியே கைக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நடுவில் வழி உண்டா?

4 மார்ச் 2024, காலை 6.20

சௌகரியமான வசனங்களை எடுத்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன். "ஒன்று இது, இல்லையென்றால் அது" என்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடலாம். வேதத்துக்குள் வாழ்ந்தவர்களே அப்படி இரண்டாகப் பிரித்து வாழவில்லை.

தானியேல் 1-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூத வாலிபர்கள். அவர்களுக்கு மூன்று காரியங்கள் நடக்கின்றன. பெயரை மாற்றுகிறார்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொல்கிறார்கள். ராஜாவின் போஜனத்தைச் சாப்பிடச் சொல்கிறார்கள். தானியேலுக்கு வைத்த பெல்தெஷாத்சார் என்ற பெயர் தன் தேவனுடைய நாமத்தின்படி வைத்தது என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரே 4:8-இல் சொல்கிறான். அந்நிய தேவனின் பெயர்! நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். தானியேல் பிடிக்கவில்லை. பாடத்தையும் படித்தான், மற்றவர்களை விடப் பத்து மடங்கு தேறினான். போஜனத்தில்தான் நின்றான்.

நின்ற விதமும் முக்கியம். முதலில் இருதயத்தில் தீர்மானம் பண்ணுகிறான். பிறகு அதிகாரியிடம் போய் வேண்டிக்கொள்கிறான். மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறான். கூச்சல் இல்லை, பின்வாங்கலும் இல்லை.

4 மார்ச் 2024, மதியம் 1.05

"பெயரில் விட்டுக்கொடுத்தவன் சாப்பாட்டில் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்பதற்கு மேல் அந்த அதிகாரம் காரணம் சொல்லவில்லை. என் எண்ணத்தைச் சொல்கிறேன். பெயர் என்பது பிறர் அவன்மேல் வைத்தது. சாப்பாடு என்பது தினமும் அவன் தன் கையால் எடுத்து வாயில் வைக்கிறது. பிறர் எனக்குச் செய்வதை எப்போதும் என்னால் தடுக்க முடியாது. நான் செய்வது என் கையில் இருக்கிறது.

6-ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். ஜெபிக்கக் கூடாது என்று சட்டம் வந்தபின் தானியேல் புதிதாக ஒன்றும் செய்து காட்டவில்லை. எருசலேமுக்கு நேரான பலகணிகள் ஏற்கெனவே திறந்திருந்தன. முன் செய்துவந்தபடியே மூன்று வேளையும் முழங்கால்படியிட்டான். அவ்வளவுதான்.

6 மார்ச் 2024, இரவு 9.40

பணம் பற்றிக் கேட்டவருக்கு. இது கொஞ்சம் நீளும்.

வட்டி வாங்காதே என்று வேதம் தெளிவாகச் சொல்கிறது. யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36, உபாகமம் 23:19 மூன்றிலும் இருக்கிறது. கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் "தன் பணத்தை வட்டிக்குக் கொடாமலும்" இருப்பான் என்று 15-ஆம் சங்கீதமும் சொல்கிறது. சபையும் பல நூற்றாண்டுகள் இதைக் கடுமையாகவே பிடித்தது. 325-இல் கூடிய நிசேயா சங்கம் வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. 1179-இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்கிறவர்களுக்கு நற்கருணையும் கிடையாது, கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. பிறகு வியாபாரம் பெருகி, கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவர்கள் பெருகிய காலத்தில், சபைச் சீர்திருத்தவாதியான ஜான் கால்வின் 1545-இல் எழுதிய கடிதம் ஒன்றில் வட்டி எல்லாமே பாவம் அல்ல என்றார். ஆனால் நிபந்தனைகள் வைத்தார். தேவையில் இருக்கும் ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

இன்றைக்கு நம்மில் யார் வங்கியில் பணம் போடாமல் இருக்கிறோம்? யாருக்கு வீட்டுக்கடன் இல்லை? இதைப் பார்த்துத்தான் நீங்கள் "மாற்றிக்கொண்டோம் என்று சொல்லிவிடுங்கள்" என்கிறீர்கள். நான் ஆத்திரப்படாமல் அந்த வசனங்களைத் திரும்பப் படித்தேன். யாத்திராகமம் "சிறுமைப்பட்டிருக்கிற" ஒருவனுக்கு என்று ஆளைச் சொல்லித்தான் கட்டளையைத் தொடங்குகிறது. லேவியராகமத்தில் அவன் தரித்திரப்பட்டுக் கை இளைத்துப்போன சகோதரன். அதாவது, இன்னொருவன் விழுந்து கிடக்கும்போது அந்த விழுகையில் நான் லாபம் பார்க்கக் கூடாது. அது மாறவே இல்லை. தொழிலைப் பெருக்கக் கடன் கேட்கிறவனும், பிள்ளையின் மருத்துவத்துக்குக் கடன் கேட்கிறவனும் ஒன்றல்ல.

உபாகமம் 24:10-13-ஐயும் சேர்த்துப் படியுங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கினவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவன் ஏழையாயிருந்தால், பொழுது போகும்முன் வஸ்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் போர்த்திப் படுக்க. கடன்பட்டவனுக்கும் வாசற்படி உண்டு, மானம் உண்டு. இப்போது கைபேசியில் கடன் செயலியை இறக்கியவரின் தொடர்புப் பட்டியலை எடுத்து, அவருடைய உறவினரையும் கூட வேலை செய்கிறவரையும் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறார்கள். வெளியே நில் என்ற வார்த்தை இன்றைக்குத்தான் அதிகமாகத் தேவைப்படுகிறது. இது பழங்காலச் சட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

7 மார்ச் 2024, காலை 7.00

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "அது ஏழைகளைப் பற்றிய வசனம்" என்று சொல்லிவிட்டு ஏழைக்கும் ஒன்றும் செய்யாமல் இருந்தால், நான் வசனத்தை விளக்கவில்லை, நழுவிவிட்டேன். உறவில் ஒருவர் அவசரத்துக்குக் கேட்கும்போது, "எவ்வளவு வட்டி போடட்டும்?" என்று அவரே கூசிக்கொண்டு கேட்பார். அந்த நேரத்தில் என் வாயில் என்ன வருகிறது என்பதில்தான் லேவியராகமம் இருக்கிறது.

10 மார்ச் 2024, மாலை 5.30

வேலையிடத்தில் வேதப்படி இருக்க முடியாது என்று எழுதியவருக்கு, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணக்காண்டு முடிந்து இரண்டாம் நாள் ஒரு லோடு வெளியே போனது. விற்பனை இலக்கில் கொஞ்சம் குறைந்தது. மேலாளர் என் மேசைக்கு வந்து, பில்லின்மேல் விரலை வைத்து, "தேதியை மட்டும் முந்தின மாசக் கடைசியாப் போடுங்கம்மா. சரக்கு பொய்யில்ல, பணமும் பொய்யில்ல. எல்லாரும் செய்யறதுதான்" என்றார். கேட் பதிவேட்டில் வண்டி வெளியே போன தேதியும் நேரமும் நீல மையில் எழுதியிருந்தது, ஓட்டுநரின் கையெழுத்தோடு. "சார், வண்டி போன தேதியைத்தான் என்னால போட முடியும்" என்றேன். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனம் அப்போது மனதில் ஓடியது என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. கை குளிர்ந்துபோயிருந்தது, அதுதான் நினைவில் இருக்கிறது.

இதைச் சாட்சியாகச் சொல்லி இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் மறுநாள் அந்தப் பில் என்னை விடச் சின்னவன் ஒருவனின் மேசைக்குப் போனது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். அவனால் மறுக்க முடியாது. நான் என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன், பாரம் அவன் தலையில் இறங்கியது. அன்றைக்குத்தான் தானியேலின் வேண்டுகோளில் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்திருந்தது எனக்கு உறைத்தது. அவன் தனக்கு மட்டும் கேட்கவில்லை. வேண்டாம் என்பதோடு நிறுத்தவும் இல்லை, வேறு வழியையும் கையில் கொண்டுபோனான்.

நான் திரும்ப மேலாளரிடம் போனேன். அனுப்பத் தயாராக இருந்த சரக்கு, உறுதியான ஆர்டர்கள் இரண்டையும் தனிப் பட்டியலாகப் போட்டு அறிக்கையோடு மேலே அனுப்பலாம், இலக்கு ஏன் குறைந்தது என்று அதுவே சொல்லும் என்றேன். முகம் கொடுக்காமல்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் பில் திருத்தாமல் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன்.

10 மார்ச் 2024, இரவு 11.10

"அந்தக் காலத்தில் ஜனங்களுக்குத் தேவபயம் இருந்தது" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். பிரசங்கி 7:10: "இந்நாட்களைப்பார்க்கிலும் முன்னாட்கள் நலமாயிருந்தது என்று சொல்லாதே". பிரசங்கியின் காலத்திலேயே ஜனங்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! பெரியவர்களே, உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும். பெருமூச்சை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

13 மார்ச் 2024, காலை 6.45

தானியேலைப் பற்றி எழுதியதிலிருந்து ரேகாபியர் என்ற வம்சத்தார் மனதை விட்டுப் போகவில்லை. எரேமியா 35. இவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இவர்களுடைய தகப்பனாகிய யோனதாப் திராட்சரசம் குடிக்காதே, வீடு கட்டாதே, விதை விதைக்காதே, கூடாரங்களிலே குடியிரு என்று கட்டளை வைத்துப் போனான். தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். தேவாலயத்து அறையில் வைத்து எரேமியா அவர்கள் முன் குடம் குடமாகத் திராட்சரசத்தை வைத்துக் குடியுங்கள் என்றபோதும் மறுத்தார்கள். கர்த்தர் அவர்களை மெச்சினார்.

ஆனால் அவர்கள் அப்போது எங்கே இருக்கிறார்கள்? எருசலேமில். நேபுகாத்நேச்சாரின் சேனை வந்தபடியால் நகரத்துக்கு வந்து தங்கியிருக்கிறோம் என்று 11-ஆம் வசனத்தில் அவர்களே சொல்கிறார்கள். யுத்தம் வந்தபோது வெளிநிலத்தை விட்டார்கள். குடிக்கிறதில்லை என்பதை விடவில்லை. எல்லாவற்றையும் பிடிவாதமாகப் பிடித்திருந்தால் யுத்தத்தில் செத்திருப்பார்கள். ஒன்றை விட்டாயிற்று, இனி எல்லாம் போகட்டும் என்றிருந்தால் அந்தக் குடங்களின் முன் விழுந்திருப்பார்கள்.

இந்த இரண்டாவதுதான் இன்றைக்குப் பலருக்கு நடக்கிறது. வேலை நேரம் மாறியதால் காலை ஜெபம் தவறியது. காலை ஜெபம் போனதால் வேதவாசிப்பும் போனது. பிறகு சபையும். நேரம்தானே மாறியது? அதை மாற்றி வையுங்கள். ராத்திரி வேலை முடிந்து வருகிறவருக்கு விடியற்கால ஜெபம் என்பது படுக்கப்போகும்முன் செய்கிறது.

அதே எரேமியா, 29-இல் பாபிலோனில் இருக்கிறவர்களுக்கு வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கடிதம் எழுதுகிறார். ஒரே புத்தகத்தில் வீடு கட்டாதவர்களுக்கும் மெச்சுதல் உண்டு, கட்டச் சொல்லியும் கட்டளை உண்டு. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் 29:11-ஐச் சுவரில் மாட்டியிருக்கிறோம். எழுபது வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்று சொல்லும் 10-ஆம் வசனத்தை மாட்டுவதில்லை.

15 மார்ச் 2024, மதியம் 12.30

கைபேசி. பிசாசின் பெட்டி என்று ஒருவர், அது இல்லாமல் ஊழியமே இல்லை என்று ஒருவர். உபாகமம் 22:8-ஐப் பாருங்கள். புது வீடு கட்டினால், யாரும் விழுந்து இரத்தப்பழி வராதபடிக்கு மேலே கைப்பிடிச்சுவர் கட்டு. மாடிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. மாடி வைத்திருக்கிறவனிடம் சுவரின் செலவைக் கேட்கிறது.

எங்கள் வீட்டுக் கைப்பிடிச்சுவர் இதுதான்: பிறர் பெயரோ படமோ இருக்கும் எந்தச் செய்தியும் விசாரிக்காமல் எங்கள் கையிலிருந்து வெளியே போகாது. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18:13. சபைக் குழுவில் ஒரு ஊழியரைப் பற்றி ஒரு செய்தி வந்து, ராத்திரிக்குள் எல்லார் கையிலும் சுற்றி, காலையில் அது அவரே அல்ல என்று தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர்கள் எல்லாரும் விசுவாசிகள். அவர் மனைவி அந்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை.

18 மார்ச் 2024, இரவு 10.00

அடிமைத்தனத்தைப் பற்றிய கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "வேதத்தை வைத்தே அடிமை முறையை நியாயப்படுத்தினார்கள், பிறகு வேதத்தை வைத்தே ஒழித்தார்கள். அப்படியென்றால் வசனம் எதற்கு?"

உண்மைதான், இரண்டும் நடந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வில்பர்போர்ஸ் போன்ற விசுவாசிகள் பல வருஷம் போராடி 1807-இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார்கள். பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. அதே 1807-இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று வேதத்திலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டும் ஒரு புத்தகமாக அச்சிட்டார்கள். யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட கதை அதில் இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28 இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 6:5 இருந்தது.

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். வசனத்தை வெட்டியவர்கள் எதை வெட்டினார்கள்? தங்களுக்குச் செலவு வைக்கிறதை. எதை விட்டுவைத்தார்கள்? அடுத்தவனுக்குச் செலவு வைக்கிறதை. கேள்வி கேட்டவரே, சௌகரியமான வசனங்களை எடுக்கிறோம் என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு இங்கேதான் வருகிறேன். "வேதம் மாறாது" என்று நாம் உரத்துச் சொல்கிற இடங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் பிறருடைய உடை, பிறருடைய பிள்ளை, பிறருடைய பாவம். "காலம் மாறிவிட்டது" என்று மெதுவாகச் சொல்கிற இடங்களையும் கவனியுங்கள். நம் பணம், நம் கோபம், நாம் மன்னிக்காத ஆள். அதனால் ஒரு வசனத்தை விடவோ பிடிக்கவோ முடிவு செய்யும் முன், இதில் யார் செலவழிக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன். எப்போதும் இன்னொருவர்தான் என்றால் அந்த முடிவைத் திரும்ப வசனத்தண்டை கொண்டுபோக வேண்டும்.

பவுல் பிலேமோனுக்கு எழுதின கடிதத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதுகிறார். செலவைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்கிறார்.

19 மார்ச் 2024, காலை 7.15

"இப்படிப் பேசிப் பேசித்தான் சபைக்குள் உலகத்தைக் கொண்டுவருகிறீர்கள்" என்று தனிச் செய்தியில் வந்தது. உங்கள் பயம் நியாயமானது. ஜெர்மனியில் காலத்தோடு ஒத்துப்போகிறோம் என்று சபைக்குள் நாசிகளின் இனக்கொள்கையைக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். 1934 மே மாதம் பார்மனில் கூடியவர்கள், சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய வார்த்தை இயேசு கிறிஸ்து ஒருவரே என்று அறிக்கை விட்டு எதிர்த்து நின்றார்கள். அந்த அணியில் இருந்த போதகர் போன்ஹோபர் 1945 ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்டார். "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்ற ரோமர் 12:2-ஐ நான் ஒருநாளும் தளர்த்தச் சொல்லவில்லை. அவர்கள் எதிர்த்து நின்றபோது செலவு அவர்கள் தலையில் விழுந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

21 மார்ச் 2024, இரவு 8.50

மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் தங்கைக்கு. ஞாயிறு வேலை போட்டால் பாவமா என்று கேட்டாய். இல்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2:27-இல் ஆண்டவரே சொன்னார். பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஓய்வுநாளில்தான் நிமிர்த்தினார். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிற உன் கை அன்றைக்கு ஆராதனையில்தான் இருக்கிறது. ஆனால் ஓய்வே இல்லாத வாரம் வேண்டாம். வேறொரு நாளைக் கேட்டு வாங்கு.

எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. உபாகமம் 5:14 வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. நாங்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டில் படுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்துக்கே எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னால், எங்கள் ஓய்வுக்கு வேறொருவர் ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமை எதையும் வரவழைப்பதில்லை என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் கட்டளையாக இதைச் சொல்லவில்லை. நாட்களைக் குறித்து ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்கிற ரோமர் 14-ஐ நானும் படித்திருக்கிறேன்.

24 மார்ச் 2024, மாலை 6.10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சரி, எது விடலாம், எது விடக் கூடாது என்று யார் முடிவு செய்வது? நீங்களா?" என்று கேட்கிறார்.

நான் இல்லை, தனியாக நீங்களும் இல்லை. அப்போஸ்தலர் 15-இல் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது எருசலேமில் கூடி மிகுந்த தர்க்கம் செய்தார்கள். பேதுரு தான் கண்டதைச் சொன்னார். பவுலும் பர்னபாவும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். யாக்கோபு தீர்க்கதரிசிகளின் வசனத்தை எடுத்து வைத்தார். பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். புறஜாதியாரின்மேல் அதிகப் பாரத்தைச் சுமத்தக் கூடாது என்ற கவலை அந்தக் கடிதத்தில் தெரிகிறது.

அதற்கு முன்னால் 6-ஆம் அதிகாரம். அன்றாட விசாரணையில், அதாவது உணவு பங்கிடுவதில், கிரேக்க பாஷை பேசினவர்களின் விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. ஏழு பேரைத் தெரிந்துகொள்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். பெரும்பாலும் குறைப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விசாரிப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அதனால் உங்கள் சபையில் இப்படி ஒரு காரியத்தைப் பேசக் கூடும்போது, வேதம் திறந்திருக்க வேண்டும், அந்த முடிவின் செலவைச் சுமக்கப்போகிறவர்களும் அந்த அறையில் இருக்க வேண்டும். இளைஞரைப் பற்றிப் பேசினால் இளைஞர் இருக்கட்டும். விதவைகளைப் பற்றிப் பேசினால் அவர்கள் முதலில் பேசட்டும். அடுத்த மாதம் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை நேரத்தை மாற்றுவது பற்றிக் கூட்டம் இருக்கிறது. இரவு வேலைக்காரர்கள் வரக்கூடிய நேரத்தில் அந்தக் கூட்டத்தை வையுங்கள் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.